ஸ்டேட் தெருவின் இரு பக்கங்கள்

சிகாகோ யூனியன் ஸ்டேஷனில் ஏறினால் ஆன் ஆர்பரில் இறங்க நாலரை மணி நேரம் ஆகும். வழிநெடுக கஞ்சா பற்றிய சட்டம் ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும் என்பதற்காகவே விமானத்தை விட்டுவிட்டு வுல்வரின் ரயிலில் இடம் பிடித்தேன். இல்லினாயில் புறப்பட்டு, இண்டியானாவின் வடக்கு ஓரத்தைத் தொட்டு, மிச்சிகன் மாநிலத்தின் தென்பகுதியைக் குறுக்கே கடந்து டெட்ராய்ட் பக்கம் போகும் ரயில் அது. ஊர், மாநிலம், மத்திய அரசு என்று மூன்று அதிகாரங்கள் ஒரே பொருளைப் பற்றி மூன்று விதமாகப் பேசும்போது நடுவில் நிற்கும் மனிதருக்கு என்ன ஆகிறது? இந்தத் தடத்தில் உள்ள ஊர்கள் ஐம்பது ஆண்டுகளாக அந்தக் கேள்வியோடு வாழ்ந்து வருகின்றன.

ஏப்ரல் தொடக்கம். மரங்கள் இன்னும் துளிர்க்கவில்லை. இல்லினாயில் 2020 ஜனவரி 1 முதல் 21 வயது நிறைந்தவர் கஞ்சா வைத்திருக்கலாம். மாநிலத்தில் குடியிருப்பவருக்கு 30 கிராம், வெளியிலிருந்து வருபவருக்கு 15 கிராம் என்று அளவு. சிகாகோ நடைபாதைகளில் அந்த வாசனை இப்போது யாரையும் திரும்பிப் பார்க்க வைப்பதில்லை. ஆனால் ரயிலில் கால் வைத்ததுமே அந்த அனுமதி முடிந்துவிடுகிறது. இந்த ரயிலை ஓட்டும் ஆம்ட்ராக் மத்திய அரசின் கையில் இருக்கும் நிறுவனம். எந்த மாநிலத்தில் ஓடினாலும், மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தாலும், அதன் பெட்டிகளில் கஞ்சாவுக்கு இடமில்லை. 1970ல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து முதல் பட்டியலில் வைத்தது. மருத்துவப் பயன் இல்லாதது, தவறாகப் பயன்படுத்த மிகவும் இடம் தருவது என்று சட்டம் கருதும் பொருள்களுக்கான பட்டியல் அது.

நகரத்தை விட்டு ரயில் வெளியேறியதும் மிச்சிகன் ஏரியின் தென்முனையை ஒட்டி எஃகு ஆலைகள் வருகின்றன. இது இண்டியானா. இங்கே ஒரு சிட்டிகை கஞ்சா வைத்திருந்தாலும் 180 நாள் வரை சிறை, 1,000 டாலர் வரை அபராதம். என் பக்கத்து இருக்கையில் இருந்த அம்மையார் இந்த மாநிலத்துக்காரர். பல ஆண்டுகள் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; கலமசூவில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். கைவிரல் மூட்டுகளில் வாதம். இரவில் தூக்கம் வர கஞ்சாச் சாறு கலந்த மிட்டாய் ஒன்று உதவுகிறது என்று, எந்த ஒளிவும் இல்லாமல் சொன்னார். தம்பி வீட்டில் இருக்கும் நாட்களில் மட்டும் சாப்பிடுவாராம். “வீட்டுக்கு எடுத்துப்போனால் இந்த வயதில் நான் குற்றவாளி” என்றபோது அவர் குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம் இருந்தது.

எல்லையைத் தாண்டியதும் முதல் நிறுத்தம் நியூ பஃபலோ. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்திக்கொள்ள வேண்டும். சட்டமும் அதே இடத்தில் மாறுகிறது. ஏரிக்கரையில் கோடை விடுமுறைக்கு ஆள் வரும் சிற்றூராக இருந்த இந்த ஊரில் இன்று கஞ்சாக் கடைகள் வரிசை கட்டி நிற்கின்றன. இண்டியானாக்காரர்கள் இங்கே வந்து வாங்குகிறார்கள். வாங்கியதைக் காரில் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறவர், சில நிமிட ஓட்டத்தில் வாடிக்கையாளர் நிலையிலிருந்து குற்றவாளி நிலைக்கு மாறிவிடுகிறார். மாநில எல்லையைக் கடந்துவிட்டதால் மத்தியச் சட்டத்தின் பிடியும் கூடவே வருகிறது.

நியூ பஃபலோவைத் தாண்டியதும் ரயில் மணிக்கு 177 கிலோமீட்டர் வரை வேகமெடுக்கிறது. இண்டியானாவின் போர்ட்டர் தொடங்கிக் கலமசூ வரை தண்டவாளம் ஆம்ட்ராக்குக்கே சொந்தம். கலமசூவிலிருந்து டியர்போர்ன் வரை அது மிச்சிகன் மாநிலத்தின் சொத்து. கலமசூவில் அம்மையார் இறங்கிப் போனார். அந்த ஊர் 2011ல் வாக்கெடுப்பு நடத்தி, பெரியவர்கள் சிறிதளவு கஞ்சா வைத்திருப்பதைப் போலீஸ் கடைசி வேலையாகத்தான் கவனிக்க வேண்டும் என்று முடிவு செய்தது. அப்போது மாநிலத்தில் மருத்துவக் காரணத்துக்கு மட்டுமே அனுமதி. மற்றவர்களுக்கு ஓராண்டு வரை சிறை. மாநிலச் சட்டத்தை ஊர் எப்படி மீறலாம் என்று நமக்குத் தோன்றும். மிச்சிகனின் ஊர்கள் சட்டத்தை மீறவில்லை. தங்கள் சம்பளம் வாங்கும் போலீஸ்காரருக்கு எது முதல் வேலை, எது கடைசி வேலை என்று சொல்ல ஊருக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைத்தான் அவை கையில் எடுத்தன.

கலமசூவுக்கு வடக்கே ஒரு மணி நேரக் கார் பயணத்தில் கிராண்ட் ராபிட்ஸ் இருக்கிறது. 2012ல் அந்த நகர வாக்காளர்கள் தங்கள் நகர சாசனத்தையே திருத்தி, கஞ்சா வைத்திருப்பதை அபராதம் கட்டினால் தீரும் விஷயமாக்கினார்கள். மாவட்ட அரசு வழக்கறிஞர் வழக்குப் போட்டார்: மாநிலக் குற்றத்தைத் தன்னிடம் கொண்டுவர வேண்டாம் என்று போலீஸுக்கு நகரம் எப்படிச் சொல்லலாம்? வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது, நகரமே வென்றது.

அதே கிராண்ட் ராபிட்ஸை ஒட்டி வயோமிங் என்றொரு சிறிய நகரம். அது நேரெதிர்த் திசையில் போனது. மாநிலம் 2008லேயே மருத்துவக் கஞ்சாவை அனுமதித்திருந்தது. வயோமிங் நகர மன்றமோ, மத்தியச் சட்டத்துக்கு முரணான எந்தச் செயலுக்கும் தன் எல்லைக்குள் இடமில்லை என்று ஒரு விதி போட்டது. கஞ்சா என்ற பெயரையே சொல்லாமல் அதைத் தடுத்துவிடும் விதி. நீரிழிவால் நரம்பு வலியோடு அவதிப்பட்ட, ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர் அந்த ஊரிலேயே குடியிருந்தார்; அவர் நகரத்தை நீதிமன்றத்துக்கு இழுத்தார். 2014ல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மாநிலம் நோயாளிக்குத் தந்த பாதுகாப்பை மத்தியச் சட்டத்தின் பெயரைச் சொல்லி ஓர் ஊர் பறிக்க முடியாது என்பது அதன் சாரம். பக்கத்துப் பக்கத்து ஊர்கள்: ஒன்று மாநிலத்தைவிட இரக்கம் காட்ட முயன்றது, மற்றது மாநிலத்தைவிடக் கடுமை காட்ட முயன்றது. இடையில் இருந்தவர்கள் வலியோடு வாழும் மனிதர்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைப் புரிந்துகொள்வது நல்லது. மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும் நடுவில் அரசியலமைப்பு ஒரு சுவர் எழுப்பியிருக்கிறது. மாநில, உள்ளூர் அதிகாரிகளைத் தன் சட்டத்தை அமல்படுத்தும்படி மத்திய அரசு கட்டாயப்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1997ல் ஒரு துப்பாக்கிச் சட்ட வழக்கில் உறுதிப்படுத்தியது. ஆனால் மத்திய அரசு தன் சொந்த ஆட்களை அனுப்பிக் கைது செய்தால் மாநிலத்தால் தடுக்க முடியாது. கலிபோர்னிய நோயாளிகள் தொடுத்த ரெய்ச் வழக்கில் 2005ல் அதே நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் அப்படித் தீர்ப்பளித்தது. வீட்டில் சொந்த மருந்துக்காக வளர்க்கும் செடிகூட நாடு தழுவிய வணிகத்தைப் பாதிக்கும், அதனால் மத்தியச் சட்டம் செல்லும் என்பது வாதம். ஊருக்கும் மாநிலத்துக்கும் நடுவில் அந்தச் சுவரும் கிடையாது. ஊர் என்ற அமைப்பே மாநிலம் உருவாக்கித் தந்தது. ஆகவே தன் எல்லைக்குள் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குகிறோம் என்று ஓர் ஊர் வாக்களித்தால், அது தன் சொந்த ஊழியர்களின் கையை மட்டுமே கட்ட முடியும். மாவட்டக் காவலர், மாநிலக் காவலர், மத்திய முகவர் ஆகியோரின் கைகள் கட்டப்படாமலே இருக்கும்.

ஜாக்சனில் ரயில் சற்று நேரம் நின்றது. சுவர் சூழ்ந்த சிறைகளில் உலகிலேயே பெரியது என்று ஒரு காலத்தில் பெயர் பெற்ற சிறை இந்த ஊரை ஒட்டித்தான் இருந்தது. எம்சி5 இசைக் குழுவின் மேலாளராகவும் கவிஞராகவும் இருந்த ஜான் சின்க்ளேர் 1971 டிசம்பர் 13 அன்று இங்கிருந்துதான் வெளியே வந்தார். அவர் செய்த குற்றம்: மாற்றுடையில் வந்த போலீஸ்காரர்களிடம் இரண்டு கஞ்சா பீடிகளைக் கொடுத்தது. 1969ல் அதற்குக் கிடைத்த தண்டனை 10 ஆண்டுகள் வரை சிறை. அதே ஜாக்சன் நகரத்தின் வாக்காளர்கள் 2013ல், 21 வயது நிறைந்தவர் தனியார் இடத்தில் ஓர் அவுன்ஸ் வரை, அதாவது சுமார் 28 கிராம், வைத்திருக்கலாம் என்று தீர்மானித்தார்கள். டெட்ராய்ட் அதற்கு முந்தைய ஆண்டே அப்படித் தீர்மானித்திருந்தது. லான்சிங், ஃபெர்ன்டேல் ஆகிய ஊர்களும் ஜாக்சனோடு சேர்ந்து வாக்களித்தன. மாநிலமே மனம் மாற இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. அந்த இடைக்காலத்தில் இந்த ஊர்களில் ஒருவரைப் பிடித்த காவலரின் சட்டைப்பையில் எந்தச் சட்டம் இருந்தது என்பதைப் பொறுத்துப் பிடிபட்டவருக்கு ஒன்றும் நேராமலும் போகலாம், ஓராண்டுச் சிறையும் வாய்க்கலாம்.

ஆன் ஆர்பரில் இறங்கியபோது அந்தி சாய்ந்திருந்தது. ஹூரான் ஆற்றை ஒட்டிய நிலையத்திலிருந்து மேடேறி நடந்தால் நகரத்தின் நடுப்பகுதி வந்துவிடுகிறது. மறுநாள் ஏப்ரலின் முதல் சனிக்கிழமை. ஹாஷ் பாஷ் கூட்டம் நடக்கும் நாள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நடுத்திடலான டயாக்கில் நடந்துவரும் கூட்டம் அது.

அதன் பிறப்பில் ஒரு நாட்காட்டி விசித்திரம் இருக்கிறது. 1971 டிசம்பர் 10 அன்று இந்த ஊரின் கிறிஸ்லர் அரங்கில் சின்க்ளேரின் விடுதலைக்காக ஒரு பெருங்கூட்டம் கூடியது. ஜான் லெனன், யோகோ ஓனோ, ஸ்டீவி வொண்டர், கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் மேடையில். எதிரே சுமார் 15,000 பேர். முந்தைய நாள்தான் மாநிலச் சட்டமன்றம் கஞ்சாவுக்கான தண்டனைகளைக் குறைக்கும் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. மூன்றே நாளில் சின்க்ளேர் விடுதலையானார். 1972 மார்ச்சில் மிச்சிகன் உச்ச நீதிமன்றம், கஞ்சாவைக் கொடிய போதைமருந்துகளோடு சேர்த்து வகைப்படுத்திய பழைய சட்டம் அரசியலமைப்புக்கு விரோதமானது என்று ரத்து செய்தது. புதிய சட்டம் ஏப்ரல் 1 அன்றுதான் நடைமுறைக்கு வர இருந்தது. இடையில் சுமார் மூன்று வாரம் மிச்சிகனில் கஞ்சா வைத்திருப்பதைத் தண்டிக்க மாநிலச் சட்டமே இல்லை. புதிய சட்டம் வந்த அன்றே அதை எதிர்த்து மாணவர்கள் டயாக்கில் கூடினார்கள். அதுதான் முதல் ஹாஷ் பாஷ்.

அதே ஏப்ரலில் நகர மன்றத் தேர்தல். 18 வயதினருக்கு வாக்குரிமை வந்து ஓராண்டுகூட ஆகாத காலம். மாணவர்களின் ஆதரவோடு மனித உரிமைக் கட்சி என்ற சிறிய கட்சி இரண்டு இடங்களைப் பிடித்தது. அடுத்த மாதமே நகர மன்றம் கஞ்சா வைத்திருப்பதற்கு 5 டாலர் அபராதம் என்று சட்டம் போட்டது. 1973ல் ஆட்சி மாறியது. புதிய பெரும்பான்மை அதை நீக்கியது. 1974 ஏப்ரலில் வாக்காளர்கள் நேரடியாக வாக்களித்து, அதே 5 டாலரை நகர சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள். சாசனத்தை மன்றத்தின் பெரும்பான்மையால் மாற்ற முடியாது. மறுபடியும் மக்களிடம்தான் வர வேண்டும்.

சாசனத்தின் அந்தப் பிரிவை வாசித்தால் எழுதியவர்களின் கூர்மை தெரிகிறது. ஆன் ஆர்பர் போலீஸ்காரர் கஞ்சாப் புகாரை நகர வழக்கறிஞரைத் தவிர வேறு எந்த அதிகாரியிடமும் கொண்டுபோகக் கூடாது. நகர வழக்கறிஞர் அதை வேறு எந்த அதிகாரிக்கும் அனுப்பக் கூடாது. மாநிலச் சட்டம் தவறு என்று அது எங்குமே சொல்லவில்லை. கோப்பு போகும் வழியை மட்டும் அடைத்தது. கார் நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினால் ஒட்டுகிற சீட்டு போல ஒரு சீட்டு. 5 டாலர் கட்டினால் முடிந்தது. 1983ல் இதை எடுத்துவிடலாமா என்று கேட்டபோது மக்கள் வேண்டாம் என்றார்கள். 1990ல் முதல் முறைக்கு 25 டாலர் என்று உயர்த்த மட்டும் ஒப்புக்கொண்டார்கள்.

காலையில் எழுந்து ஸ்டேட் தெருவுக்குப் போனேன். லிபர்ட்டி தெருவிலிருந்து தெற்கே நடந்தால் வலது கையில் புத்தகக் கடைகள், காபிக் கடைகள், நிக்கல்ஸ் ஆர்கேட் என்னும் கண்ணாடிக் கூரை போட்ட பழைய கடைச்சந்து. இடது கையில் பல்கலைக்கழகம். வலது பக்கம் நகரத்தின் நிலம், அங்கே வெறும் அபராதம்தான் இருந்தது. இடது பக்கம் மாநிலம் நிறுவிய பல்கலைக்கழகத்தின் நிலம். பல்கலைக்கழகம் 1990களில் தனக்கென்று போலீஸ் அமைத்துக்கொண்டபோது, அந்தப் போலீஸுக்கு நகர சாசனம் பொருந்தவில்லை. அவர்கள் மாநிலச் சட்டப்படி வழக்குப் போட்டார்கள். தெருவின் மேற்கு ஓரத்தில் நின்றவருக்கு 25 டாலர் சீட்டு, சாலையைக் கடந்து புல்வெளிக்குள் வந்தவருக்கு ஓராண்டு வரை சிறை, குற்றப் பதிவு, ஒரு வழக்கறிஞருக்கான செலவு. பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு இந்த எல்லை எங்கே போகிறது என்று யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? நான் அந்தச் சாலையை முன்னும் பின்னுமாகக் கடந்து பார்த்தேன். எந்தப் பலகையும் இல்லை, கோடும் இல்லை.

நடுப்பகலுக்கு முன்பே டயாக் நிரம்பிவிட்டது. நரைத்த தாடியோடு எழுபதுகளின் ஆட்கள், பேரப்பிள்ளைகள் வயதில் மாணவர்கள், சக்கர நாற்காலியில் வந்த முன்னாள் ராணுவ வீரர்கள். நூலகப் படிகளிலிருந்து பேச்சு. 2024 ஏப்ரல் 2 அன்று, அந்த ஆண்டின் ஹாஷ் பாஷுக்கு நான்கு நாள் முன்னர் மறைந்த சின்க்ளேரைப் பற்றி என் பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். 2018 நவம்பரில் மிச்சிகன் மக்கள் ஏறக்குறைய 56 சதவீத வாக்குகளோடு கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கினார்கள். 2019 டிசம்பர் 1 அன்று மாநிலத்தின் முதல் பொது விற்பனை தொடங்கியது. தொடங்கிய ஊர் ஆன் ஆர்பர். அன்று வரிசையில் நின்று வாங்கியவர்களில் 78 வயது சின்க்ளேரும் ஒருவர். இரண்டு பீடிகளுக்காகச் சிறை போனவர், அதே மாநிலத்தில் ரசீது வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். கிராண்ட் ராபிட்ஸ், கலமசூ, ஜாக்சன், ஆன் ஆர்பர் என்று ஊர்கள் ஒவ்வொன்றாக வாக்களிக்காமல் இருந்திருந்தால் மாநிலம் இந்த இடத்துக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஊர் துணிந்தது, மாநிலம் பின்னால் வந்தது.

ஆனாலும் இன்றைக்கும் டயாக்கில் கஞ்சா விதிமீறல்தான். பொது இடத்தில் புகைக்க மாநிலச் சட்டம் விடுவதில்லை. அதற்கும் மேலே, மத்திய அரசின் நிதியைப் பெறும் கல்வி நிறுவனங்கள் போதைப்பொருள் இல்லாத வளாகமாக இருக்க வேண்டும் என்று 1989ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் சொல்கிறது. மாநிலம் அனுமதித்த பிறகும் பல்கலைக்கழகம் தடையை எடுக்க முடியாததற்கு அதுதான் காரணம். ஆராய்ச்சி நிதியும் மாணவர் கடனுதவியும் அந்த நிபந்தனையில் தொங்குகின்றன.

கூட்டத்தின் விளிம்பில், சட்டக் கல்லூரிக் கட்டடங்களை ஒட்டிய மன்ரோ தெருப் பக்கம், காபியோடு நின்றிருந்த இளைஞன் என் கைப்பேசிப் பேச்சைக் கேட்டுத் தமிழில் விசாரித்தான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். பொறியியல் மேற்படிப்பு.

“உள்ள வரலையா தம்பி?” என்றேன்.

“வேண்டாம்ணே. இங்கேருந்தே பாக்கேன். யாராவது போட்டோ எடுத்துப் போட்டா நமக்குத்தான் வம்பு.”

“இங்கதான் சட்டமே அனுமதிக்குதே?”

“அது அவங்களுக்குண்ணே. கூடப் படிக்கிற இந்த ஊர்ப் பையன் கடையில வாங்கிப் பிடிச்சா ஒண்ணுமில்ல. நான் பிடிச்சேன்னு வாயால ஒத்துக்கிட்டாலே விசாவுக்கு ஆபத்துன்னு வந்த அன்னைக்கே சீனியர் அண்ணன்மார் சொல்லிட்டாங்க. கடையில பகுதிநேர வேலை நல்ல சம்பளம்தான். அதையும் தொடவே கூடாதுன்னாங்க.”

அவன் சொன்னதில் மிகை இல்லை. குடியேற்றம் முழுக்க மத்திய அரசின் அதிகாரம். அது 1970 பட்டியலை மட்டுமே பார்க்கும். குடியுரிமை இல்லாதவர், நீதிமன்றத்தில் எந்தத் தண்டனையும் பெறாவிட்டாலும், கஞ்சா பயன்படுத்தியதை அதிகாரியிடம் ஒப்புக்கொண்டால் நாட்டுக்குள் நுழைய அனுமதி மறுக்கப்படலாம். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் பச்சை அட்டைக்காரருக்கும் அதே நிலை. மாநிலச் சட்டப்படி உரிமம் பெற்ற கடையில் வேலை பார்த்ததுகூட நன்னடத்தை இல்லை என்று கொள்ளக் காரணமாகலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் தெளிவாகவே அறிவித்தது. மாநிலத்துக்கு வரி கட்டி, மாநிலத்தின் உரிமத்தோடு நடக்கும் கடை அது. டெட்ராய்ட் சுற்றுவட்டாரத்தில் கார் தொழிலிலும் மென்பொருளிலும் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அவர்களின் பிள்ளைகள் இந்தக் கடைகளைத் தாண்டித்தான் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகிறார்கள். அமெரிக்க மண்ணில் பிறந்த தங்கைக்கு ஒரு சட்டம், இந்தியாவில் பிறந்த அண்ணனுக்கு வேறொரு சட்டம் என்று ஒரே வீட்டுக்குள்ளேயே நிலைமை இருக்க முடியும்.

மாலையில் நகர நடுவில் ஒரு கடைக்குள் போய்ப் பார்த்தேன். வாசலில் அடையாள அட்டையைச் சோதித்துத்தான் உள்ளே விட்டார்கள். மருந்துக்கடையின் ஒழுங்கு, ஒவ்வொரு பொட்டலத்திலும் ஆய்வக முடிவு ஒட்டியிருந்தது. பெரியவர் ஒருவர் 2.5 அவுன்ஸ் வரை கையில் வைத்திருக்கலாம், வீட்டில் 12 செடிகள் வரை வளர்க்கலாம் என்பது மாநில விதி. கடன் அட்டை செல்லாது. மத்தியச் சட்டப்படி இது குற்றத்தில் வந்த பணம் என்பதால் பெரும்பாலான வங்கிகளும் அட்டை நிறுவனங்களும் ஒதுங்கியே நிற்கின்றன. வருமான வரியிலும் 1982ல் வந்த ஒரு பிரிவின்படி, முதல் பட்டியலிலோ இரண்டாம் பட்டியலிலோ உள்ள பொருளை விற்பவர் கடை வாடகையையும் சம்பளத்தையும் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது. தொழிலே சட்டவிரோதம் என்று சொல்லும் அரசு, அதன் வருமானத்துக்கு வரியை மட்டும் தவறாமல் வாங்கிக்கொள்கிறது.

கடையில் வாங்கியதை எங்கே வைத்துப் பயன்படுத்துவது என்பதும் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. சொந்த வீடு இருப்பவர் தன் வீட்டுத் தோட்டத்தில் உட்காரலாம். மத்திய அரசின் மானியத்தில் நடக்கும் குடியிருப்பில் வாழும் ஏழைக்கு அந்த வசதி கிடையாது. மாநிலம் அனுமதித்ததைச் செய்ததற்காகவே அவர் வீட்டை இழக்க நேரலாம். இதே ஏற்றத்தாழ்வு கைதுகளிலும் இருந்தது. வெள்ளையர்களும் கறுப்பர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் கஞ்சாவைப் பயன்படுத்தியபோதும், கறுப்பர்கள் கைதாகும் வாய்ப்பு கிட்டத்தட்ட நான்கு மடங்கு என்று அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் 2013ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சட்டங்கள் முரண்படும் இடத்தில் அதிகாரியின் விருப்பத்துக்கு நிறைய இடம் கிடைக்கிறது. அந்த விருப்பம் யார் மேல் விழும் என்பதற்கு இந்த நாட்டின் வரலாறு பழைய விடையைத்தான் திரும்பத் திரும்பத் தருகிறது.

கடைசியாக டெட்ராய்ட். ஆற்றங்கரையில் நின்றால் எதிரே கனடாவின் விண்ட்சர் நகரம். நடுவில் ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத நீர். கனடா 2018 அக்டோபர் 17 அன்று நாடு முழுவதும் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. இந்தக் கரையில் மிச்சிகன் அனுமதிக்கிறது, அந்தக் கரையில் கனடா அனுமதிக்கிறது. ஆனால் ஒரு மிட்டாயைப் பையில் வைத்துக்கொண்டு பாலத்தையோ சுரங்கப் பாதையையோ கடந்தால் இரு நாட்டுச் சட்டப்படியும் குற்றம்.

கஞ்சாவால் கெடுதல் இல்லை என்று நான் எழுத வரவில்லை. வளரும் மூளைக்கு அது தீங்கு செய்யும். அதைப் புகைத்துவிட்டு வண்டி ஓட்டுவது பிறர் உயிரோடு விளையாடுவது. மனநோய்க்கு இடம் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. தங்கள் ஊரில் கடையே வேண்டாம் என்று சொல்லும் உரிமையை மிச்சிகன் சட்டம் ஊர்களுக்குக் கொடுத்திருக்கிறது. பெரும்பாலான ஊர்கள் அதைப் பயன்படுத்திக் கடைகளைத் தவிர்த்தும் இருக்கின்றன. அந்த ஊர்களில் உள்ள பெற்றோரின் கவலை நியாயமானது. ஊர் கூடிப் பேசி எடுத்த அந்த முடிவையும் மதிக்கிறேன். ஊருக்குத் துணிவு வேண்டும் என்று நம்புகிறவன், வேண்டாம் என்று சொல்லும் ஊரின் துணிவையும் ஏற்கத்தான் வேண்டும்.

எனக்கு ஏற்க முடியாமல் இருப்பது மத்திய அரசின் மௌனம். 2013ல் ஒபாமா அரசின் நீதித்துறை, ஒழுங்காகக் கட்டுப்படுத்தும் மாநிலங்களில் தலையிட மாட்டோம் என்று ஒரு குறிப்பாணை அனுப்பியது. 2018 ஜனவரியில் அடுத்த அரசு அதைத் திரும்பப் பெற்றது. மருத்துவக் கஞ்சாவுக்கு மட்டும் 2014 முதல் நாடாளுமன்றம் வரவுசெலவுச் சட்டத்தில் ஒரு வரி சேர்த்து, மாநிலத் திட்டங்களை முடக்கப் பணம் செலவழிக்கக் கூடாது என்று தடுத்து வந்திருக்கிறது. 2024ல் கஞ்சாவை மூன்றாம் பட்டியலுக்கு இறக்கலாம் என்று நீதித்துறை முன்மொழிந்தது. அப்படி இறங்கினால் கடைக்காரரின் வரிச்சுமை குறையும். ஆன் ஆர்பர் கடையில் நடக்கும் விற்பனை மத்தியச் சட்டத்தின்படி அப்போதும் குற்றமாகவே இருக்கும், திருநெல்வேலித் தம்பியின் விசாவும் அதே ஆபத்தில்தான் இருக்கும். கண்டுகொள்ளாமல் இருப்பது இரக்கம் போலத் தோன்றும். நாளைக்கே மனம் மாறக்கூடிய அரசின் கண்டுகொள்ளாமையை நம்பி யாரும் குடும்பத்தை நடத்த முடியாது.

ஊர் தன் எல்லைக்குள் செய்ய முடிந்ததைச் செய்தது. ஆன் ஆர்பரின் 5 டாலர் பல தலைமுறைப் பிள்ளைகளைச் சிறையிலிருந்தும் குற்றப் பதிவிலிருந்தும் காப்பாற்றியது. அந்த நகரத்து வாக்காளர்களை நான் மனதாரப் போற்றுகிறேன். ஆனால் அந்தக் காப்பு ஊரில் வேரூன்றியவருக்கு முழுதாகவும், வாடகைக்காரருக்குப் பாதியாகவும் கிடைக்கிறது. விசாவில் இருப்பவருக்கு அது கிடைப்பதே இல்லை. யாருக்குப் பாதுகாப்பு அதிகம் தேவையோ அவருக்கே அது எட்டாமல் போகிறது. இதைச் சரிசெய்யும் அதிகாரம் வாஷிங்டனில் மட்டுமே இருக்கிறது. மாநிலம் அனுமதித்ததை அந்த மாநிலத்தின் எல்லைக்குள் செய்தவர் எவரும், அவர் எந்த நாட்டில் பிறந்திருந்தாலும், எந்த வீட்டில் குடியிருந்தாலும், அதற்காக மத்தியச் சட்டத்தால் தண்டிக்கப்படக் கூடாது என்று நாடாளுமன்றம் ஒரே ஒரு சட்டம் எழுதினால் போதும். அது வரும்வரை மிச்சிகனுக்குப் படிக்கவும் வேலைக்கும் வரும் நம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கடையின் பெயர்ப்பலகை மாநிலத்தின் அனுமதியைக் காட்டுகிறது, உங்கள் கடவுச்சீட்டில் இருக்கும் முத்திரையோ மத்திய அரசுடையது, தயவுசெய்து அந்த முத்திரையைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள்.